டோக்கியோவில் பழைய சாப்பாடு: எந்தப் பண்டத்துக்கு எந்தப் பேட்டை

கேள்வி சுருக்கமாக இது: நவம்பரில் குடும்பத்தோடு சில நாள் டோக்கியோ. ராமென், கன்வேயர் பெல்ட் சுஷி எல்லாம் பார்த்தாகிவிட்டது. உண்மையான பழைய ஜப்பானிய சாப்பாடு கிடைக்கும் நல்ல உணவகம் இரண்டு மூன்று சொல்லுங்கள். கூட வரும் அம்மா சைவம்.

இரண்டு மூன்று பெயரைச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் உங்களுக்கு அது உதவாது. "ஜப்பானிய உணவகம்" என்ற சரக்கு ஜப்பானில் அநேகமாக இல்லை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரே மெனுவில் சுஷி, தெம்புரா, தெரியாகி, நூடுல்ஸ் எல்லாம் இருக்கும். டோக்கியோவில் சோபா என்ற நூடுல்ஸ் போடுகிறவர் சோபா மட்டும் போடுவார். விலாங்கு சுடுகிறவர் விலாங்கு மட்டும் சுடுவார். நான்கு தலைமுறையாக அதே வேலை. பழைய கடை என்றாலே ஒற்றைப் பண்டக் கடை. எல்லாம் கிடைக்கும் என்று படம் போட்ட பலகை வைத்திருக்கும் இடத்தில் எல்லாம் சுமாராகத்தான் இருக்கும். அதனால் முதலில் பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கடை தானே அமையும்.

அடுத்தது, எதை டோக்கியோவின் பாரம்பரியம் என்பது. பலரும் பாரம்பரியம் என்றதும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பத்துப் பன்னிரண்டு தடவை வரும் கைசெகி விருந்தை நினைப்பார்கள். அது கியோட்டோவில் தேநீர்ச் சடங்கை ஒட்டி வளர்ந்தது. டோக்கியோவிலும் பிரமாதமான கைசெகி கடைகள் உண்டு, ககுராசாகா பக்கம் போனால் சந்துக்குச் சந்து இருக்கும். ஆனால் கியோட்டோவும் போவதாக இருந்தால் அந்தச் செலவை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவின் சொந்தச் சாப்பாடு வேறு. எடோ என்ற பெயரில் இந்த ஊர் ஷோகுன்கள் என்ற ராணுவ ஆட்சியாளர்களின் தலைநகரமாக வளர்ந்தபோது இங்கே ஆண்கள்தான் அதிகம். கட்டட வேலைக்கு வந்த தச்சர்கள், கூலியாட்கள், முறை வைத்து ஷோகுனிடம் வந்து தங்கிய பிரபுக்களோடு வந்த சாமுராய்கள். குடும்பம் ஊரில். தீ விபத்துக்குப் பயந்து வீட்டில் அடுப்பெரிப்பதும் குறைவு. இவர்கள் தெருவில் நின்று சாப்பிட்டவைதான் சோபா, சுஷி, தெம்புரா, விலாங்கு. இன்று ஆயிரக்கணக்கில் யென் வைத்துச் சாப்பிடும் நான்குமே தள்ளுவண்டிச் சாப்பாடாக இருந்தவை. டோக்கியோவில் இந்த நான்கைச் சரியாகச் சாப்பிட்டுவிட்டால் போதும் என்பது என் கருத்து.

அந்த எடோ இருந்தது நகரத்தின் கிழக்குப் பக்கம். ஷின்ஜுகு, ஷிபுயாவில் ஹோட்டல் போட்டிருப்பீர்கள், எல்லோரும் அங்கேதான் போடுகிறார்கள். பழைய சாப்பாட்டுக்குக் கண்டா, நிஹோன்பாஷி, நிங்யோச்சோ, அசாகுசா என்று கிழக்கே வர வேண்டும். 1923 செப்டம்பர் நிலநடுக்கத்திலும் 1945 மார்ச் குண்டுவீச்சிலும் இந்தப் பகுதி பெரும்பாலும் எரிந்தே போனது. கடைகள் அதே பெயரில் மறுபடி எழுந்தன. ஆனால் கண்டாவில் சில தெருக்கள் போரின் தீயிலிருந்து தப்பின. அங்கிருந்தே தொடங்கலாம்.

அகிஹபாராவின் மின்னணுக் கடைகளுக்கு எப்படியும் போவீர்கள். அங்கிருந்து மான்செய்பாஷி பாலத்தைத் தாண்டி ஐந்தாறு நிமிடம் நடந்தால் சுதாச்சோ. இரண்டு மூன்று தெருவுக்குள் ஐந்து பழைய கடைகள்: சோபாவுக்கு யாபு, மட்சுயா. அங்கோ என்ற ஆழ்கடல் மீனைக் கொதிக்கக் கொதிக்கச் சட்டியில் தரும் இசெகென். கோழிக்கறியை மட்டும் கரி அடுப்பில் சுகியாகி (இனிப்புச் சோயா சாற்றில் வேகும் சட்டிச் சாப்பாடு) செய்யும் போத்தான். இனிப்புக்குத் தகெமுரா. பெரும்பாலும் தாழ்ந்த பழைய மரவீடுகள், சுற்றிலும் அலுவலகக் கட்டடங்கள். இந்த இடம் தெரியாமல் பக்கத்திலேயே உள்ள அகிஹபாராவில் பர்கர் தின்றுவிட்டு அறைக்குத் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சோபா என்பது பக்வீட் மாவில் செய்த மெல்லிய நூடுல்ஸ். வடநாட்டில் விரத நாட்களில் குட்டு மாவு என்று சாப்பிடுகிறார்களே, அதே தானியம். கண்டா யாபு 1880இல் தொடங்கியது. பழைய கட்டடம் 2013 பிப்ரவரியில் தீப்பிடித்துச் சேதமானது. புதிதாகக் கட்டி 2014 அக்டோபரில் திறந்தார்கள். கட்டடம் புதிது என்றாலும் பழக்கம் பழையது. நீங்கள் சொல்லும் ஆர்டரைக் கல்லாவில் இருக்கும் பெண்மணி அடுக்களைக்கு ராகம் இழுத்துச் சொல்வார். அதைக் கேட்பதற்கே ஒருமுறை போகலாம். மட்சுயா 1884இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1925இல் கட்டியது. கையாலேயே மாவு பிசைந்து வெட்டுகிறார்கள். முன்பதிவு கிடையாது. தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்து உட்கார வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் நான் மட்சுயாவுக்குத்தான் போவேன். அளவு கொஞ்சம் தாராளம், அக்கம்பக்கத்து ஆட்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் கடை அது. ராகம் கேட்க வேண்டுமென்றால் யாபு.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலருக்கு ஏமாற்றம். மூங்கில் தட்டில் ஆறிய சோபாவும் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பையில் கறுப்பான சாறும் வரும். அந்தச் சாறு டோக்கியோ பாணியில் நல்ல உப்பும் அழுத்தமும் உள்ளது. சோபாவை முழுக்க முக்கினால் கரித்துவிடும். நுனியில் மூன்றிலொரு பங்கை நனைத்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். கூச்சப்படாதீர்கள், பக்கத்து மேசைக் கனவான் உங்களைவிடப் பலமாக உறிஞ்சுவார். முடியும் தறுவாயில் சோபா வெந்த தண்ணீரை ஒரு சின்ன ஜாடியில் கொண்டுவருவார்கள். மிச்சமிருக்கும் சாற்றில் அதை ஊற்றிக் குடிக்க வேண்டும். நம் சோறு வடித்த கஞ்சியைப் போல இதமான பானம். நீங்கள் போகும் நவம்பர் மாதம் புது அறுவடை சோபாவின் காலம். கடை வாசலில் அதைத் தனியாக எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். விலை ஆயிரம் யென் பக்கம், நம் பணத்தில் அறுநூறு ரூபாய்க்குள்.

யாபு போல இன்னும் இரண்டு பெரிய சோபா வம்சங்கள் உண்டு, சராஷினா, சுனாபா என்று. அஸாபு-ஜூபானில் உள்ள சராஷினா ஹொரீ 1789இல் தொடங்கிய வழி. தானியத்தின் நடுப்பகுதியை மட்டும் அரைத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாக சோபா செய்வார்கள். தங்குமிடம் ரொப்போங்கி பக்கம் என்றால் கண்டா வரை வராமல் இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து விலாங்கு. நன்னீர் விலாங்கைப் பிளந்து, குச்சியில் கோத்து, சோயா சாஸும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் கலந்த குழம்பைத் தடவிக் கரியில் சுட்டு, அரக்குப் பெட்டியில் சோற்றின் மேல் வைத்துத் தருவது. ஓசாகா பக்கம் வயிற்றில் பிளந்து நேராகச் சுடுகிறார்கள். டோக்கியோவில் முதுகில் பிளக்கிறார்கள். வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவது சாமுராய் விவகாரம் என்பதால் சாமுராய் ஊரில் அது அபசகுனம் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, உண்மையான வேறுபாடு அடுத்த கட்டத்தில். டோக்கியோவில் ஒருமுறை சுட்டபின் ஆவியில் வேகவைத்து, மறுபடி சுடுவார்கள். கொழுப்பு இறங்கி, சாப்ஸ்டிக் பட்டாலே உதிரும் மென்மை வரும். மொறுமொறுப்பு எதிர்பார்க்காதீர்கள். மேலே தூவ ஸன்ஷோ பொடி தருவார்கள், நாக்கு லேசாக மரத்துப் போகும் வாசனைப் பொடி. கொஞ்சமாகத் தூவுங்கள்.

டோக்கியோ கோபுரத்துக்குப் பக்கத்தில் நொதாய்வா, இருநூறு ஆண்டுப் பழமை. ஆற்றில் பிடித்த விலாங்கு கிடைக்கும் பருவத்தில் அதையும் வைத்திருப்பார்கள், மற்றபடி எல்லாக் கடைகளையும் போல வளர்ப்பு விலாங்கு. மினாமி-சென்ஜுவில் ஒபனா. ஆர்டர் சொன்ன பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள், தாதாமி என்ற பாய் விரித்த பெரிய கூடத்தில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பெட்டி ஐந்தாயிரம் யென் சுற்றுவட்டாரத்தில் ஆரம்பித்து மேலே போகும். மெனுவில் மூன்று தரம் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது மீனின் தரமல்ல, துண்டின் அளவு. எனவே விலை குறைந்த தரத்தையே தயங்காமல் கேட்கலாம். ஒரு விஷயம் தெரிந்து சாப்பிடுங்கள்: ஜப்பானிய விலாங்கை 2014இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வளர்ப்பு என்றாலும் கடலில் பிடித்த குஞ்சைத்தான் வளர்க்கிறார்கள். மலிவுக் கடையில் வாரம் இருமுறை தின்பதைவிட நல்ல கடையில் ஒருமுறை உட்கார்ந்து சாப்பிடுவது மேல் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுஷிக்கு வருவோம். நீங்கள் கேட்டது பழைய சுஷி என்பதால் ஒரு எச்சரிக்கை. கின்ஸாவில் எட்டுப் பேர் உட்காரும் கவுன்ட்டர் மேடையில் முப்பதாயிரம் யென்னுக்குக் கிடைப்பது மிக நல்ல சுஷி. பழைய சுஷி என்று அதைச் சொல்ல முடியாது. 1820களில் எடோவில் கையால் பிடித்த சுஷி வந்தபோது ஒரு துண்டு இன்றையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. குளிர்பெட்டி இல்லாத காலம். அதனால் மீனை அப்படியே வைக்காமல் ஏதாவது செய்துதான் வைத்தார்கள். கொஹாதா என்ற சிறு வெள்ளி மீனை உப்பிலும் வினிகரிலும் ஊறவைப்பது, சூரையைச் சோயாவில் ஊறவைப்பது, கடல் விலாங்கைக் குழைய வேகவைத்து மேலே கெட்டிச் சாறு பூசுவது, இறாலை அவிப்பது. இந்தக் கைவேலைதான் எடோ சுஷி. சுஷிக்காரரின் திறமையைக் கொஹாதாவில்தான் பார்க்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கொழுத்த சால்மன் துண்டை எடோக்காரர் பார்த்ததே இல்லை. அது நார்வே மீன் விற்பனையாளர்களின் முயற்சியால் 1980களுக்குப் பிறகு வந்தது.

இந்தப் பாணியை இன்னும் விடாத இடங்கள்: அசாகுசா கோயில் ஓரத்தில் பென்தென்யாமா மியாகோஸுஷி, 1866இல் தொடங்கியது. நிங்யோச்சோவில் கிஸுஷி, அழகான மரவீடு. நிஹோன்பாஷியில் யோஷினோ ஸுஷி, சூரையின் கொழுப்புப் பகுதிக்குத் தோரோ என்று முதலில் பெயர் வைத்தது தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் கடை. மதியம் போய் "ஒரு ஆள் அளவு" என்று கேட்டால் சுருளும் சேர்த்துப் பத்துத் துண்டு பக்கம் வரும். அந்தப் பத்துக்கும் ஒரு கதை உண்டு. போருக்குப் பின் 1947இல் உணவுப் பஞ்சத்தால் சாப்பாட்டுக் கடைகளை அரசு முடக்கியபோது, வாடிக்கையாளர் ஓர் ஆழாக்கு போல அரிசி கொண்டுவந்தால் கூலிக்குச் சுஷி பிடித்துத் தரலாம் என்று சுஷிக்காரர்கள் அனுமதி வாங்கினார்கள். அந்த அரிசிக்குப் பத்துத் துண்டு என்று கணக்கு. அதுவே வழக்கமாகிவிட்டது. சுகிஜி மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மொத்த வியாபாரம் 2018 அக்டோபரில் தொயோசுவுக்குப் போய்விட்டது. சுகிஜியில் மிச்சமிருப்பது வெளிச்சந்தை. கத்தி வாங்கவும் கடற்பாசி வாங்கவும் நல்ல இடம். குச்சியில் குத்திய மாட்டிறைச்சியை மூவாயிரம் யென்னுக்கு நின்றுகொண்டே தின்பதில் பாரம்பரியம் ஒன்றும் இல்லை.

தெம்புராவை, அதாவது மாவில் முக்கிப் பொரித்ததை, சீக்கிரம் முடிக்கிறேன். அசாகுசாவில் 1887இலிருந்து இருக்கும் தைகோகுயாவில் நல்லெண்ணெயில் பொரித்த பெரிய இறால்கள் கறுத்த சாற்றில் முக்கிச் சோற்றின் மேல் வரும். கரகரவென்று இருக்காது, நசநசவென்றுதான் இருக்கும். அதுதான் அந்தக் கடையின் பாணி. பிடிக்காதவர்கள் பலர் உண்டு. பொன்னிறமாக, மேடையில் ஒவ்வொன்றாகப் பொரித்துத் தருவது வேண்டுமென்றால் ஷின்ஜுகுவில் ட்சுனாஹாச்சி, 1924இல் தொடங்கியது. உங்கள் ஹோட்டலுக்கும் பக்கம். மதியச் சாப்பாட்டு விலை கட்டுப்படியாகும்.

இந்த நான்கையும் தாண்டி ஒரே ஒரு கடைக்கு உங்களைத் தள்ளிவிட எனக்கு ஆசை. அசாகுசாவுக்குச் சற்றுத் தெற்கே, சுமிதா ஆற்றோரம், கோமகாதா தோஜோ. 1801இல் தொடங்கியது. தோஜோ என்ற மீன் வேறு யாருமில்லை, நம் அயிரையின் குடும்பம்தான். வயல் வாய்க்கால் சேற்றில் வாழும் மெல்லிய மீசை மீன். மதுரைப் பக்கம் உயிர் அயிரையைப் பாலில் விட்டுச் சேற்றைக் கக்கவைப்பார்கள். இங்கே உயிரோடு சாகே மதுவை ஊற்றி மயக்கிவிடுகிறார்கள். பிறகு மிசோ என்ற புளித்த சோயா விழுதின் இனிப்பான சாற்றில் முழுசாக வேகவைத்து, தட்டையான இரும்புச் சட்டியில் வரிசையாக அடுக்கி, குட்டிக் கரி அடுப்போடு உங்கள் முன்னால் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி நிறைய நறுக்கிய பச்சை வெங்காயத்தாள். அதை அள்ளி மீன் மறையும்வரை கொட்டி, வதங்க வதங்கச் சாப்பிட வேண்டும். முள் எடுக்க வேண்டியதில்லை. கீழ்க்கூடத்தில் மேசையே கிடையாது. நீளமான பலகைகள் தரையோடு தரையாகப் போட்டிருக்கும், இருபக்கமும் சப்பணமிட்டு உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேசை நாற்காலி உள்ள இடம் கேட்கலாம். அயிரைக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மீன் புதிதே அல்ல. பெரும்பாலான வெளிநாட்டவர் முழு மீனைப் பார்த்து முகம் சுளிக்கும் இடத்தில் நீங்கள் சாதாரணமாக இருப்பீர்கள். மெனுவில் திமிங்கிலக் கறியும் இருக்கும். வேண்டாதவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும்.

மாட்டிறைச்சி சுகியாகி, பன்றி தொன்கட்சு இரண்டையும் பாரம்பரியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டும் மெய்ஜி காலத்தில் (1868–1912) தொடங்கிப் பரவியவை. பேரரசரே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று செய்தி வந்தது 1872இல்தான், அதுவரை நூற்றாண்டுக்கணக்கில் அது விலக்கு. வயது நூற்றைம்பது பக்கம்தான் என்றாலும் சுவையில் குறை இல்லை. சுகியாகிக்கு அசாகுசாவில் இமாஹான், வறுத்த கட்லெட்டுக்குக் கின்ஸாவில் 1895இல் தொடங்கிய ரெங்காதெய். சுமோ வீரர்களின் சட்டிச் சாப்பாடான சாங்கோ வேண்டுமென்றால் ரியோகோகு. இது போதும்.

இனி அம்மா. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் "காய்கறிச் சாப்பாடு" என்று கேட்டு வாங்கி மீன் சாற்றைக் குடித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. கோம்பு என்ற கடற்பாசியும், சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டுக் கட்டையாகக் காயவைத்துச் சீவிய கட்சுவோபுஷியும் சேர்த்து எடுப்பது. நம் மாசிக் கருவாட்டுக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. மிசோ சூப்பில், சோபா சாற்றில், வேகவைத்த பூசணியில், கீரையில், தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் நீரில், எல்லாவற்றிலும் இருக்கும். தட்டில் மீன் துண்டு இல்லாததால் கடைக்காரரும் அதை அசைவமாக நினைப்பதில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கே வேறு. அதனால் "நிகு மோ, சகானா மோ, கட்சுவோ நோ தாஷி மோ தபேமாசென்" என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி, மீன், சூரைச் சாறு மூன்றும் சாப்பிடமாட்டேன். போனில் ஜப்பானிய எழுத்தில் காட்டினால் இன்னும் நல்லது. காலையிலேயே சாறு காய்ச்சி முடித்துவிட்ட சோபாக் கடையில் இதற்காக அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜப்பானியப் பாரம்பரியத்திலேயே முழுச் சைவமான ஒரு பிரிவு இருக்கிறது: புத்த மடங்களின் ஷோஜின் சமையல். கறி, மீன், முட்டை கிடையாது. சாறு கோம்பிலும் காய்ந்த காளானிலும் எடுப்பார்கள். மரபுப்படி வெங்காயம், பூண்டும் சேராது, எனவே அந்தக் கட்டுப்பாடு உள்ள வீட்டாருக்கும் பிரச்சினை இல்லை. எள்ளை அரைத்துக் கிழங்கு மாவோடு கிண்டிய எள் தோஃபு, பாலாடை போல எடுத்த சோயா ஏடு, கோதுமைப் பசையில் செய்த ஃபு என்று அந்த உலகமே தனி. டோக்கியோவில் மூன்று வழிகள். அதாகோவில் செய்ஷோஜி கோயிலை ஒட்டி தைகோ, 1950இலிருந்து இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்த தனி அறை, மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய இடம், விலையும் அதற்கேற்ப, தலைக்குப் பத்தாயிரம் யென் தாண்டும். இரியாவுக்குப் பக்கத்தில் போன் என்ற கடையில் ஃபுச்சா சமையல். 1654இல் சீனாவிலிருந்து வந்த இங்கென் என்ற துறவியின் ஒபாகு ஜென் மரபோடு வந்தது, பெரிய தட்டில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும் முறை. மூன்றாவது, ஷின்ஜுகுவிலிருந்து கெய்யோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் தகாவோ மலை. மலைமேல் யாகுவோயின் கோயிலிலேயே முன்பதிவு செய்தவர்களுக்கு ஷோஜின் சாப்பாடு போடுகிறார்கள். நவம்பரில் அந்த மலை முழுக்க இலை சிவந்திருக்கும், கூட்டமும் அப்படியே இருக்கும், எனவே வார நாளில் போங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். அம்மாவுக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுத்த சாப்பாடாக இது இருக்காது. பயணத்தில் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் வேளையாக இருக்கலாம். மூன்று இடத்துக்கும் முன்பதிவு கட்டாயம், சைவம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இடைப்பட்ட வேளைகளுக்கு: வெள்ளரிச் சுருள், ஊறிய உமே காய் வைத்த அரிசி உருண்டை. உமேயிலும் சில கடைகள் சூரைச் சீவலைக் கலக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். அசாகுசாவில் 1954இல் தொடங்கிய யாதோரோகு என்ற ஒனிகிரி (அரிசி உருண்டை) கடை, சுடச்சுடக் கையில் பிடித்து மேடையில் தருவார்கள், அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே இடத்தில் வேலை முடியும். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள் டீஸ் தான்தான் என்ற வீகன் நூடுல்ஸ் கடை உண்டு. பாரம்பரியம் இல்லை, பசிக்கு உதவும்.

இனிப்பில் அம்மாவுக்கு ஒரு தடையும் இல்லை என்றே சொல்லலாம். பயறு விழுது, அரிசி மாவு, கடற்பாசி ஜெல்லி இவைதான் அடிப்படை. கண்டா தகெமுராவில் பொரித்த மாஞ்சு, உள்ளே இனிப்புப் பயறு. கமெய்தோ கோயில் பக்கத்தில் 1805இல் தொடங்கிய ஃபுனாபாஷியாவின் குஸுமோச்சி எனக்கு மிகவும் பிடித்தது. கோதுமை மாப்பாலை 450 நாள் புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்து, மேலே வறுத்த சோயா மாவும் கருப்பஞ்சாற்றுப் பாகும். இவ்வளவு நாள் புளிக்கவைத்த பண்டம் இரண்டு நாளுக்குமேல் தாங்காது. ஊருக்கு வாங்கிவர முடியாது, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான்.

சில நடைமுறைகள். மதியம் போங்கள். அதே அடுக்களை, அதே கை, இரவு விலையில் பாதி அல்லது அதற்கும் கீழே. பதினொன்றரைக்குத் திறக்கும் கடைக்குப் பதினொன்றேகாலுக்கு நில்லுங்கள். வாசலில் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது, உள்ளே எடுத்துவிட்டால் முடிந்தது. பழைய கடைகள் ஞாயிறோ புதனோ மூடும், அதைக் கிளம்புமுன் பாருங்கள். ஜப்பானியர்கள் தாபெலோக் என்ற தளத்தைப் பார்த்துத்தான் கடை தேடுகிறார்கள். அங்கே மதிப்பெண் கஞ்சத்தனமாகத்தான் விழும், ஐந்துக்கு 3.5 இருந்தாலே நல்ல கடை. கூகுளில் 4.6 வாங்கிய கடையைவிட எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். டிப்ஸ் கிடையாது. இரவு மதுக்கடை மாதிரியான இஸகாயாவில் உட்கார்ந்தால் நீங்கள் கேட்காமலே ஒரு குட்டிக் கிண்ணம் வந்து, பில்லில் தலைக்கு முந்நூறு நானூறு யென் ஏறும். ஏமாற்று இல்லை, இருக்கைக் கட்டணம் மாதிரி. சுஷி மேடைக்கு வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருப்பதை அங்கே பெரிய மரியாதைக் குறைவாக நினைப்பார்கள், கார்டில் முழுப் பணமும் பிடிக்கப்படலாம். கிழிசல் இல்லாத சாக்ஸ் போடுங்கள், பல இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு நாள்தான் கிழக்கே ஒதுக்க முடியும் என்றால் இப்படிப் போடுங்கள்: காலையில் நிஹோன்பாஷியில் 1699இலிருந்து சூரைக்கட்டை விற்கும் நின்பென் கடை, அங்கே கோப்பையில் வெறும் தாஷி விற்கிறார்கள், காப்பி விலைகூட இல்லை. அந்தச் சுவை நாக்கில் பதிந்தால் அன்று சாப்பிடும் மற்றதெல்லாம் புரியும். அம்மா இங்கே வேடிக்கை பார்க்கலாம். அங்கிருந்து கண்டா மட்சுயா, பதினொரு மணிக்குத் திறக்கும், ஞாயிறு விடுமுறை. அம்மாவுக்கு நேரே தகெமுரா இனிப்பு, கையில் அரிசி உருண்டை. பிற்பகல் அசாகுசா கோயில், ஐந்து மணிவாக்கில் கூட்டம் சேருமுன் கோமகாதா தோஜோ. தகாவோ மலையை வேறொரு வார நாளுக்கு வைத்து, இன்றைக்கே முன்பதிவுக்கு எழுதிப் போடுங்கள். நவம்பருக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.